குளிரக் குளிர ஒரு நிச்சயதார்த்தம்

படித்த படிப்பை வேலை செய்யும் இடத்தில் காட்டுகிறவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. அங்கே மேலதிகாரி இருப்பார், நாலு வார்த்தை திட்டுவார், அடங்கிவிடுவார்கள். லீவில் வீட்டுக்கு வந்து காட்டுகிறார்களே, அவர்களிடம்தான் ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம்.

சரக்குப் போக்குவரத்து மேலாண்மையில் பட்டம் வாங்கி, சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேச்சு மட்டும் கப்பல் கம்பெனி முதலாளி மாதிரி இருக்கும். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த வேதவாக்கு ஒன்றே ஒன்று: வண்டி காலியாகத் திரும்பக் கூடாது. அதை நான் நெற்றியில் பச்சை குத்திக்கொள்ளாததுதான் பாக்கி.

தஞ்சாவூர் கீழவாசலில் அப்பாவுக்கு வாடகைக் கடை. சாமியானா, நாற்காலி, அண்டா, கரண்டி எல்லாம் உண்டு. எங்கள் கடை நாற்காலியில் உட்காராமல் அந்த வட்டாரத்தில் யாரும் பிறந்ததும் இல்லை, போய்ச் சேர்ந்ததும் இல்லை என்பார் அப்பா. (பிறக்கும்போது நாற்காலி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.)

லீவில் வந்த கையோடு கடையைச் சீர்திருத்த ஆரம்பித்தேன். அடிக்கடி போகிற சாமான் வாசலருகே, எப்போதாவது போவது உள்ளே. அந்தக் கொள்கைப்படி கரண்டிகளை முன்னால் கொண்டுவந்து, சாமியானாக் கம்புகளைப் பின்னால் தள்ளினேன். மறுநாள் ஒரு காதுகுத்துக்குத் துணி மட்டும் போய்ச் சேர்ந்தது, கம்பு போகவில்லை. குழந்தையின் மாமன்மார்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகக் கேள்வி. “ஆரம்பத்துல இப்படித்தான்ப்பா இருக்கும்” என்றேன். அண்ணனின் நிச்சயதார்த்த வேலையில் அப்பாவுக்குத் திட்ட நேரமில்லை.

அண்ணனுக்குப் பெண் தேடி, ஜாதகக் கட்டைச் சுமந்தே அம்மாவுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. ஒரு வழியாக மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஓர் இடம் அமைந்தது. அண்ணனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பதை, சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்ததிலிருந்து கண்டுபிடித்தோம். பெண்ணுக்கு அப்பா இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான பெரியப்பாதான் எல்லாம். அவர் தலையாட்டினால் கல்யாணம், இல்லையென்றால் மறுபடி ஜாதகக் கட்டு. முந்தின வாரம் மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். நிச்சயத்தைத் தள்ளி வைக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, “நான் உசுரோடதானங்க இருக்கேன், வாங்க” என்றார். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அம்மாவின் கவலை பூவைப் பற்றியது. சித்திரை வெயில். காலையில் கட்டி வாங்கும் மாலை, மாப்பிள்ளை கழுத்துக்கு வருவதற்குள் வதங்கிவிடும். சொந்தத்தில் ஒரு நிச்சயத்தில் மாலை வெந்த கீரை மாதிரித் தொங்கியதை அவள் இன்னும் சொல்லி மாளவில்லை. நான் சிரித்தேன். வாடுகிற சரக்கைப் புறப்படும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை குளிர் குறையாமல் கொண்டுபோவது எப்படி என்று நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். “பூவ எங்கிட்ட விட்டுடும்மா” என்றேன். பாவம், விட்டுவிட்டாள்.

தேவை ஒரு குளிர்பெட்டி. கடையில் இருந்தது.

எந்தப் பெட்டி என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. ஒரு வீட்டில் யாராவது தவறிவிட்டால், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க, கண்ணாடி மூடி போட்ட ஆளுயர ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வருமே, அதேதான். அப்பா புதிதாக வாங்கியது. இன்னும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. பக்கவாட்டில் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் எழுதியாகிவிட்டது. என் கணக்கு எளிமையானது. யாரும் படுக்காதவரை அது வெறும் பெட்டி.

டிரைவர் முருகேசண்ணன் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

“பாப்பா, இதுல போய்ப் பூ வைக்கலாமா?”

“எப்படியும் இதுல பூ வைக்கத்தானண்ணே போறாங்க?”

“அட, அதுவும் சரிதான்” என்று ஏற்றிவிட்டார். (எனக்கு வாய்த்த ஆட்கள் அப்படி.)

பெட்டியைக் குளிரவைத்து, ரோஜா மாலைகளையும் மல்லிகைப் பந்துகளையும் உள்ளே அடுக்கி, வீட்டார் கிளம்புவதற்கு முன்பே நானும் முருகேசண்ணனும் வேனில் புறப்பட்டோம். அப்பா சீர்த்தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததால் எங்களைக் கவனிக்கவில்லை. திரும்பும்போது வண்டி காலியாக வரக் கூடாதே! பெண் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த எங்கள் நாற்காலிகளை ஏற்றி வரவும் திட்டம் போட்டிருந்தேன். ஒரே நடையில் இரண்டு வேலை. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

பெண் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்தோம். உள்ளே எந்த ப்ளக்கில் மாட்டுவது என்று கேட்டு வர நான் போனேன். முருகேசண்ணன் நாற்காலி ஏற்றப் போய்விட்டார். உள்ளே காபி கொடுத்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணியாகப் போகிறவர் “என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். சொல்ல ஆரம்பித்தேன்.

பாதியில் இருக்கும்போது வெளியே ஓர் ஓலம் கேட்டது.

எதிர் வீட்டுக் கோவிந்தராஜுக்கும் பெரியப்பாவுக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. தெருவுக்கு மேல் நீண்டிருக்கும் அவர் வீட்டு முருங்கைக் கிளையிலிருந்து இவர் வாசலில் கம்பளிப்பூச்சி விழுவதுதான் வழக்கு. அந்தக் கோவிந்தராஜ் கதவைத் திறந்திருக்கிறார். எதிரே ஃப்ரீசர் பெட்டி. கண்ணாடி முழுக்கப் பனி மூடி, அதற்குள் மங்கலாக மாலைகள். பெரியப்பா வேறு அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர். நான் ஓடி வந்து பார்த்தபோது கோவிந்தராஜ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தார்.

“போயிட்டீங்களா சார்! ஒரு வார்த்த பேசாம போயிட்டீங்களே! அந்த மரத்த நானே வெட்டித் தொலைச்சிருப்பேனே சார்!”

தெருவே கூடிவிட்டது. “உள்ள பூதாங்க!” என்று நான் கத்தியது அந்த அழுகையில் அமுங்கிப்போனது. “எப்ப எடுக்கறாங்க?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அந்த நேரம் பார்த்து முருகேசண்ணன் வேன் நிறைய நாற்காலியோடு வந்து நின்றார். யாருக்காவது இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. அவர்களே நாற்காலிகளை இறக்கி, வரிசையாகப் போட்டு, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதற்குள் செய்தி போனில் பெண் வீட்டாரின் மன்னார்குடிச் சொந்தத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு பாட்டம் அழுகை திரும்பி வந்தது. (அதுகூடக் காலியாகத் திரும்பவில்லை.)

இதே சமயம், சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு போன். யாரோ பொறுப்பான ஆள், பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

“ஹெட்மாஸ்டர் வீட்லேர்ந்து பேசறேங்க. பெரியவர் தவறிட்டாரு. பெட்டி வந்துருச்சு, நாற்காலியும் வந்துருச்சு. சாமியானா ஏன் இன்னும் வரல?”

அப்பா சீர்த்தட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாராம். அம்மா காரிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே வீட்டுக் கதவு திறந்தது. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் விசிறி. பெரியப்பா வெளியே வந்து, “என்னய்யா கூட்டம்?” என்றார்.

நாற்காலிகள் மொத்தமாகச் சரிந்தன. கோவிந்தராஜ் ஓலத்தின் நடுவில் வாயைத் திறந்தபடியே நின்றார். பெரியப்பாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி பெரியப்பாவைப் பார்த்தார். நிலைமையைச் சமாளிக்க வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது. (தோன்றாமல் இருந்திருக்கலாம்.)

“பயப்படாதீங்க சார்! பெட்டி புத்தம் புதுசு! இன்னும் ஒருத்தர்கூடப் படுக்கல! உங்க வீட்டுக்குத்தான் மொதமொதல்ல கொண்டு வந்திருக்கேன்!”

முருங்கையிலிருந்து கண்ணாடி மேல் ஒரு கம்பளிப்பூச்சி விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எங்கள் கார் வந்து நின்றதும் அப்போதுதான். அப்பா இறங்கி, தன் பெட்டியை, தன் நாற்காலிகளை, தன் மகளை அதே வரிசையில் பார்த்தார். அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை. ஜன்னலோரம் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தட்டுக் கழுவிய அந்தக் கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை பொங்கி வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தால் இவன் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பெரியப்பா மெதுவாகப் படியிறங்கி வந்தார். தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கோவிந்தராஜ் பக்கம் திரும்பினார்.

“எனக்காகவாய்யா அழுத?”

“ஆமா சார்.”

“மரத்த வெட்டறேன்னியே?”

“அது... நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சுச் சொன்னது சார்.”

முதலில் பெரியப்பாவின் தோள் குலுங்கியது. மறுபடி மூச்சுத் திணறலோ என்று எல்லோரும் ஓடினோம். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, விசிறி கீழே விழும்வரை சிரித்தார். கோவிந்தராஜின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிமிரவே முடிந்தது.

“சம்பந்தி,” என்றார் அப்பாவிடம். (அந்த ஒரு சொல்லில் அண்ணனுக்கு உயிர் வந்தது.) “நமக்காக யார் அழுவாங்கன்னு உசுரோட இருந்து பாக்க யாருக்குக் குடுத்து வச்சிருக்கு? ஒங்க பொண்ணு காட்டிட்டா. பூவ எடுங்க, நல்ல நேரம் போகுது.”

துக்கத்துக்கு வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கோவிந்தராஜுக்கு முதல் வரிசை நாற்காலி. மாலைகளில் ஓர் இதழ்கூட வாடவில்லை என்பதைத் தொழில் கர்வத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். கழுத்தில் விழுந்ததும் அண்ணன் “ஸ்ஸ்ஸ்” என்று துள்ளியது எல்லாப் போட்டோவிலும் இருக்கிறது. ஆல்பத்தை எடுக்கும்போதெல்லாம் அண்ணி, “இவருக்கு என்னைப் பார்த்துச் சிலிர்க்கல, ஒங்க மாலையப் பார்த்துத்தான் சிலிர்த்துச்சு” என்பார்.

இன்று நான் பெரிய பெரிய ஊர்களில் எந்த வண்டி எந்தத் தெருவில் போக வேண்டும் என்று திட்டம் போடுகிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் மட்டும் என்னை வெற்றிலையைக்கூட எடுத்துவர விடுவதில்லை. முருங்கை மரம் இன்னும் அப்படியே நிற்கிறது. அதன் நிழலில் நாற்காலி போட்டு இரண்டு பெரியவர்களும் பேப்பர் படிக்கிறார்கள், அவ்வப்போது கம்பளிப்பூச்சியைத் தட்டிவிட்டபடி.

சித்திரை பிறந்ததும் பெரியப்பாவிடமிருந்து எனக்கு ஒரு போன் தவறாமல் வரும்.

“என்னம்மா, பெட்டி பத்திரமா இருக்கா?”

“இருக்கு பெரியப்பா.”

“இந்த வருஷமும் எங்க வீட்லேர்ந்து ஒன் வண்டி காலியாத்தான் திரும்பப் போவுது. ஒனக்குப் பொறுக்காதுன்னு தெரியும். கோச்சுக்காத, நான் மெதுவா வரேன்.”