ஒப்புதல் கட்டம்

என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் வாய் திறந்து பேசக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார். எங்கள் வீட்டில் அவர் வாய் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. "சாப்பாடு", "சாவி", "குடை". ஒரு நாளைக்கு மூன்று சொல். அதற்கு மேல் செலவழிக்க மாட்டார்.

அவர் செய்தது ஒரு கருவி. கணினித் திரையில் ஒரு சொல் வரும். மைக்கில் சொன்னால் பதிவாகும், அடுத்தது வரும். யார் வேண்டுமானாலும் கேட்டு உச்சரிப்பு படிக்கலாம், இலவச உரிமம். குரல் மட்டும் என்னுடையது. நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைக்குழந்தையைத் தூங்கவைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாயிரம் சொல் சொன்னேன்.

வெளியிட வேண்டிய காலையில் கூப்பிட்டார்.

"இந்தக் கட்டத்துல ஒரு டிக் போடு."

"எதுக்கு?"

"குரல் குடுத்தவங்க சம்மதம். அது இல்லாம ஒண்ணும் வெளிய போகாது. நானே நினைச்சாலும் முடியாது. அப்படி எழுதி வெச்சிருக்கேன்."

பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

"அப்ப நான் போடல."

"ஏம்மா?"

"ஒரு சொல் விட்டுப்போச்சு. பட்டியல்ல சேத்திருக்கேன். அதை நீங்க சொல்லுங்க, போடறேன்."

திரையைப் பார்த்தார். 'உம்மு.'

எங்கள் மூத்தவள். எப்போதும் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள் என்று அவர்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்று வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. நான் சொன்னால் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார்.

"இது அகராதியிலயே கிடையாது."

"நம்ம வீட்டுல இருந்துச்சே."

"நீயே சொல்லிடேன்."

"நான் தினமும் சொல்றேன், சுவத்துக்கிட்ட. யாரு வேணும்னாலும் கேக்கலாம்னீங்க. நான் மட்டும் கேக்கக் கூடாதா?"

வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். அப்புறம் திரையில் தாண்டிப்போகும் பொத்தானைத் தேடினார். அது கிடையாது. கஷ்டமான சொல் வந்தால் நான் தாண்டிவிடுவதைப் பார்த்து அவரே எடுத்துவிட்டிருந்தார்.

மைக்குக்குக் குனிந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உம்மு."

பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதுகில் கை வைத்தேன்.

திரையில் சிவப்பாக எழுத்து வந்தது: 'குரல் போதவில்லை. மறுபடி சொல்லவும்.'

அதை எழுதி வைத்ததும் அவர்தான்.