கட்டிக்குப் பட்டினி

தையல் மாஸ்டர் தன் வயிற்றிலிருந்த கட்டியின் மீது போர் தொடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், பல் தேய்ப்பதற்கு முன்பு.

"கேன்சர் செல்லுக்குச் சாப்பாடு போகாம நிறுத்தினா செத்துப்போகுமாம். பேப்பர்ல போட்டிருக்கான்!"

"மருந்தால அந்த செல்லை மட்டும் பட்டினி போடப் பாக்கறாங்க. அதுவும் இன்னும் ஆராய்ச்சிதான்," என்றாள் மனைவி. அவள் பேப்பரை முழுசாகப் படிப்பவள். மாஸ்டர் தலைப்போடு சரி. "நீங்க பட்டினி கிடந்தா முதல்ல நீங்கதான் சுருண்டு விழுவீங்க. எடை குறைஞ்சா அடுத்த ஊசி போட மாட்டேன்னு டாக்டர் சொன்னாரே?"

"அவருக்கென்ன தெரியும்? இனி மூணு வேளையும் கீரைத் தண்ணி. அவ்வளவுதான்."

அவள் காலண்டரில் அடுத்த ஊசித் தேதியைப் பார்த்தாள். ஊசி தள்ளிப்போனால் கட்டி சும்மா இருக்குமா? ஆனால் முப்பது வருஷத்தில் இந்த மனுஷரிடம் வாதாடி அவள் ஜெயித்ததே இல்லை. வாதாடாமல்தான் ஜெயித்திருக்கிறாள்.

"சரிங்க," என்றாள்.

அந்தச் 'சரிங்க'விலேயே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்னடி, கீரைத் தண்ணி கொழகொழன்னு இருக்கு?" முதல் டம்ளரிலேயே கேட்டார்.

"இளங்கீரைங்க. வேளைக்கு மூணு டம்ளர் குடிச்சாத்தான் கட்டி சாகுமாம். பேப்பர்ல கீழே போட்டிருந்தான், நீங்க பாக்கலையா?"

"பாத்தேன், பாத்தேன்!"

ஊசி மருந்தில் மரத்துப்போன நாக்கு. பாலும் முட்டையும் பாதாமும் அரைத்துக் கலந்திருந்தது அதற்குத் தெரியவில்லை.

வீட்டில் எடை மிஷின் கிடையாது. மாஸ்டர் நம்பியது தன் பேண்டைத்தான். அவரே தைத்தது. எல்லாருக்கும் விடுவதுபோல, நாளைக்குச் சதை போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று பின்பக்கத் தையலில் தாராளமாகத் துணி விட்டிருந்தார். நாலாம் நாள் பேண்ட் தளர்ந்தது.

"அரை இஞ்ச் லூசு! கட்டி கதறுதுடி!"

பத்தாம் நாள் பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பெருமையடித்தார். பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரி.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கீங்க, சபாஷ்! ஊசி போட்டுடலாம்," என்றாள் நர்ஸ்.

"மிஷின் ரிப்பேரும்மா! இடுப்புல பேண்டே நிக்கல, பாரு!"

காட்டுவதற்காகப் பின்பக்கத்தை இழுத்துத் திருப்பிய மாஸ்டர் அப்படியே நின்றார். பழைய தையல் பிரிந்திருந்தது. பக்கத்தில் புது நூல், கைத்தையல், கொஞ்சம் கோணல்.

மெதுவாக மனைவியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. உதடு மட்டும் சிரித்தது.

"உள்ளே இன்னும் ஒரு இஞ்ச் துணி இருக்குங்க. அடுத்த ஊசி வரைக்கும் தாராளமா பட்டினி கிடங்க."