சூடில்லாத சூரியனும் சாமிக் குஞ்சுகளும்

நோட்டன் பிரிட்ஜ் மேற்பிரிவு,
கடைசி லயம்.

கொழும்பு மாநகரில் மின்சாமான் கடையொன்றை ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்கும் அன்பு மருமகன் நிரோஷனுக்கு, மலை மேலிருந்து மாமன் சிவசாமி மூக்கு உறைந்த நிலையில் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். பனியும் சுகம். நீ அங்கே வியர்த்து வழிந்து சுகமாயிருப்பாய் என்று பொறாமையோடு நம்புகிறேன்.

பொங்கலுக்கு வந்த நீ, எங்கள் குசினியில் தொங்கிய நூறு வாட்ஸ் குண்டு பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எல்இடி பல்பு ஒன்றை மாட்டினாய். "கரண்டு போனாலும் எரியும் மாமா, உள்ளுக்கே பெட்டரி இருக்கு. நல்லது கெட்டது பாத்து எழுதுங்க" என்றும் சொல்லிப் போனாய். எழுதுகிறேன்.

நல்லது முதலில். கரண்டு பில் மெலிந்துவிட்டது. குசினி, சிவனொளிபாத மலையடியிலுள்ள நல்லதண்ணியின் சீசன் கடைத்தெரு மாதிரி ஜொலிக்கிறது. மலை ஏறப் போகிற ஜனங்கள் இதையே உச்சி விளக்கென்று நினைத்து, நம் வாசலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதாகக் கேள்வி. அந்த வெளிச்சத்தில் உன் அத்தை ராக்காயி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இம்புட்டு நாளா இந்த மூஞ்சிக்கா சோறு போட்டேன்?" என்றாள். இதை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று நீயே முடிவு செய்.

இனிக் கெட்டது. இந்தப் பல்பு சுடாது. கொழும்பில் அது வரம். இங்கே பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமா தொங்கியது? என் ஈரக் காலுறை காய்ந்தது அதில், தீப்பெட்டி நமுத்துப்போகாமல் இருந்தது அதன் தயவில், பக்கத்து வீட்டு மூக்கன் தினமும் அரசியல் பேச வந்ததும் அதில் கை காயத்தான். இப்போது அவன் வருவதேயில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவனைப் பிடித்துக் கேட்டேன். "ஒங்க ஊட்டு பல்பு நெலா மாதிரிண்ணே. பாக்க அழகுதான், அடியில குந்துனா வெறைக்குதே" என்கிறான்.

இதையும் பொறுத்திருப்பேன். நம் பெட்டைக் கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. தாயில்லாக் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு, வழக்கம்போல் பல்பைத் தாழ இறக்கிவிட்டாள் உன் அத்தை. குஞ்சுகள் அண்ணாந்து பார்த்தன. சூரியன் இருக்கிறது, சூட்டைக் காணோம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கின. அவை லேசுப்பட்ட குஞ்சுகளா? எங்கள் மகள் சுதர்ஷினியின் புருஷனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் மெசின் வேலை கிடைத்ததற்காக, ஃபெக்டரிச் சக்கரங்களுக்குக் காவலிருக்கும் ரோதமுனிக்கு இந்தக் கூட்டத்தில் ஒரு சேவல் நேர்ந்திருக்கிறது. எது சேவல், எது பெட்டை என்று இன்னும் தெரியாது. ஆகவே அத்தனையும் சாமிக் குஞ்சு. "ஒண்ணு செத்துச்சு, நீங்களே போயி ரோதமுனி முன்னாடி கழுத்த நீட்டுங்க" என்கிறாள் ராக்காயி.

கழுத்தின்மேல் எனக்குள்ள பற்றினால் அட்டனுக்குப் பஸ் ஏறி, பாவா நானா கடையில் குண்டு பல்பு கேட்டேன். "அது இப்ப வாறதில்ல அண்ணே. குஞ்சுக்கா? கம்பளி போர்த்தி விடுங்களேன்" என்று சிரித்தார். அவர் சிரிப்புக்குச் சொன்னதை நான் செய்தேன். இப்போது குஞ்சுகள் என் கம்பளிக் கோட்டுக்குள். எழுத்து கோணுவது முதுமையால் அல்ல, அக்குளில் ஒன்று கொத்துகிறது. "சிவசாமியண்ணன் அடை கெடக்குறாரு, கொத்தப் போறாரு, தள்ளி நில்லுங்க" என்று லயத்து வரிசை வீடெல்லாம் எட்டிப் பார்க்கிறது.

ஆகவே, கொண்டுபோன குண்டு பல்பை உடனே அனுப்பு. உன் நிலாவைத் திருப்பி அனுப்புகிறேன்.

மாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும். வியர்க்கும்போதெல்லாம் எங்களை நினை.

இப்படிக்கு,
அடைகாக்கும் மாமன்,
சிவசாமி

பி.கு: தபாலில் போடுமுன் நேற்று அந்தியில் காற்றடித்துத் தோட்டம் முழுக்கக் கரண்டு போனது. நம் மலைத் தண்ணீர் பொல்பிட்டிய மின்நிலையத்தில் கரண்டாகி எங்கோ போய் எரிய, லயத்தில் உன் பல்பு மட்டும் எரிந்தது. முதலில் மூக்கன் வந்தான். பிறகு பாடப் புத்தகத்தோடு பிள்ளைகள், நறுக்க வேண்டிய மரக்கறியோடு பெண்கள், ஒரு வேலையும் இல்லாமல் ஆண்கள். கதவைச் சாத்தியதும் அத்தனை பேர் உடம்புச் சூட்டில் குசினி சூளை மாதிரி ஆகிவிட்டது. குஞ்சுகள் என் கோட்டை விட்டிறங்கி, மூக்கன் மடியில் ஏறித் தூங்கின. "என்னண்ணே இது?" என்றான். "சாமிக் குஞ்சு, அசையாத" என்றேன். அசையவில்லை. இன்று கரண்டு வந்தும், இங்கேதான் எழுத்து நன்றாகத் தெரிகிறதென்று எல்லாரும் மறுபடி வந்துவிட்டார்கள். குண்டு பல்பு வேண்டாம். மூக்கன் இதே மாதிரி ஒன்று கேட்டு உனக்குப் போன் பண்ணுவான். கடையில் முடிந்துவிட்டதென்று சொல். வீட்டுக்கு வீடு இப்படி எரிந்தால், ரோதமுனிச் சேவலுக்கு மடி கொடுப்பது யார்?