வெளுத்த பூ விசாரணைக் குழு

ஒரு பூவின் நிறத்தைக் காப்பாற்ற ஐந்து அதிகாரிகள் ஏ.சி. அறையை விட்டு வெளியே வந்தது, மனிதகுல வரலாற்றிலேயே அந்தப் பூங்கா அலுவலகத்தில்தான். தோட்டக்காரம்மாவுக்குப் புல்லரித்துப்போனது. பாவம், ஏழு வருஷமாகத் 'தற்காலிகமாக' வேலை பார்ப்பவள். அடுத்த வாரம் நிரந்தரமாக வேண்டியவள். அதற்குள் இந்தப் பூ வந்து தலையில் விடிந்தது.

பூவின் பெயர் டேலில்லி. செடி தினமும் புதிதாகப் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள்தான் ஆயுசு. கோப்பில் நிறம் 'அடர் சிவப்பு' என்று முத்திரையோடு பதிவாகியிருந்தது. காலை ஆறு மணிக்குப் பூவும் கோப்புக்குக் கட்டுப்பட்டு அப்படித்தான் மலர்ந்தது. அதைச் சரிபார்க்க வேண்டிய குழுவோ டீ குடித்து, ஆற அமர மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் பூ பழைய செங்கல் மாதிரி வெளுத்திருந்தது.

"செடியை மாத்திட்டியாம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"ஐயையோ, இல்லைங்க சார்! இந்தக் கொளுத்துற வெயில்ல சிவப்பு எப்படி நிக்கும்? நிழலுக்கு ஒரு வலை கட்டிக் குடுங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேனே. காலையில ஆறு மணிக்கு வந்து பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கும்."

"ஆறு மணி ஆபீஸ் நேரத்துலயே வரலையேம்மா!" தலைவர் மனமார வருந்தினார்.

மூன்றே நாளில் நோட்டீஸ் வந்தது: 'சம்பந்தப்பட்ட பூவை நேரில் ஆஜர்படுத்தவும்.'

"அது அன்னிக்கே வாடிடுச்சுங்களே!"

'தடயம் அழிப்பு' என்று குழுவின் எழுத்தர் குறித்துக்கொண்டார். அடடா, என்ன கூர்மை! அவளுக்கோ ஒரே கவலை: ஏழு வருஷமும் மண்ணாய்ப் போய்விடுமோ?

குழு அப்படியொன்றும் கல்நெஞ்சக் குழு அல்ல. நிழல் வேண்டும் என்ற அவளுடைய மனுவை உடனே ஏற்றது. தோட்டத்தில் பந்தல் போட்டார்கள், ஃபேன் வைத்தார்கள். அதன் கீழே குழு உட்கார்ந்தது. அன்றைக்குப் பூத்த பூவும் அவளும் எதிரே வெயிலில் நின்றார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்: 'இவர் வெயிலில் கறுத்திருப்பதைக் குழு கண்ணாரக் கண்டது. ஆளைக் கறுக்கவைக்கும் அதே வெயில் பூவை வெளுக்கவைத்தது என்பது முன்னுக்குப் பின் முரண். ஆகவே பணி நிரந்தரம் மறுக்கப்படுகிறது.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், ஒரே ஒரு மணி நேரம் பந்தலை விட்டு இப்படி வெயில்ல வந்து நில்லுங்க. அது என்னென்ன பண்ணும்னு அப்புறம் எழுதலாம்."

ஐந்து பேரும் வெயிலை எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. எழுத்தர் மட்டும் கடமை தவறாமல் இரண்டாவது குற்றத்தைப் பதிவு செய்தார்: 'அதிகாரிகளுக்குக் கொலை மிரட்டல்.'