கவர்னர் ஆண்ட தெரு

எங்கள் ஊரை ஒரு கவர்னர் ஆண்டார் என்று சொன்னால் சரித்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வெண்ணந்தூருக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊர், அதற்கொரு யூனியன் போர்டு, அந்தப் போர்டுக்கு ஒரு தலைவர். அவரைப்போல ஒரு கவர்னரைச் சென்னைப் பட்டணமே கண்டதில்லை.

தொழிலில் அவர் என்னைப்போல வக்கீல். நாமக்கல் கோர்ட்டுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். சட்டம் படிக்கிற காலத்தில் பட்டணத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினாராம். போன நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு. அந்த மனிதர் முதலில் வக்கீல், சண்டை வந்ததும் சிப்பாய், கடைசியில் ஒரு மாகாணத்துக்குக் கவர்னர். அதே வாழ்க்கையை அப்படியே வாழ்ந்துவிடுவது என்று நம்மவர் தீர்மானித்துவிட்டார். அமெரிக்கரின் பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை. கடைசிவரை 'நம்மாளு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வக்கீல் ஆனார். பெரிய சண்டை வந்தது, கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். கடல் தாண்டிப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். துப்பாக்கி தரவில்லை. கோவேறு கழுதைகளுக்குத் தீனி போடும் வேலையைத் தந்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு காக்கிக் கோட்டும், கழுதைகளைப் பற்றிய ஆழ்ந்த ஞானமும் மிச்சம். அதற்குப் பிறகு வரப்புத் தகராறு கேஸ் ஆனாலும் சரி, பஸ்ரா கழுதை ஒன்று கோர்ட்டுக்குள் வந்துவிடும். "அது ஒரு சண்டிக் கழுதைங்க எசமான்" என்று ஆரம்பிப்பார். முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். கேஸ் தோற்றுப் போகும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாக்கி இருந்தது கவர்னர் பதவி. அதற்கு எங்கள் ஊரில் கிடைக்கக்கூடிய உச்சம் யூனியன் போர்டுத் தலைவர் நாற்காலி. தேர்தலுக்குத் தேர்தல் நின்று தோற்று, தலை நரைத்த பிறகு ஒருவழியாக ஜெயித்தார். ஜெயித்த அன்று கொளுத்துகிற வெயிலில் காக்கிக் கோட்டோடு தெருத்தெருவாகப் போனார். ஒரு சாக்கடையைக் குனிந்து பார்த்து, "நம்மாளு மாகாணத்துல இப்பிடிக் கெடக்குமாங்க?" என்று வருத்தப்பட்டார். அன்றைக்கே ஊர் அவருக்குக் கவர்னர் என்று பெயர் வைத்துவிட்டது. அவரைவிடச் சந்தோஷமான மனிதரை நான் பார்த்ததில்லை.

வம்பு நெசவாளர் தெருவில் வந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும், கஞ்சி போட்ட பாவு நூலை அவர்கள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, புருசு போட்டு உலர்த்துவார்கள். விடியும்போது கட்டினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதுவரை அந்தத் தெருவில் வண்டி போகாது. அரிசி மில்காரர் புதிதாக மோட்டார் வாங்கினார். அவர் வீட்டிலிருந்து மில்லுக்கு அதுதான் குறுக்கு வழி. ஒருநாள் காலையில் வண்டியை உள்ளே விட்டார். செல்லம்மா என்ற நெசவுக்காரியின் பாவு முழுக்க அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

போர்டு மெம்பர்களில் முக்கால்வாசிப் பேர் மில்காரர் பக்கம். தெருவில் இனிமேல் பாவு போடக்கூடாது என்று உத்தரவு எழுதிக் கவர்னரிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் அவரே தலைவர், போடாவிட்டால் நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

செல்லம்மா அவரைத் தேடி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க, தெருவு இல்லீன்னா பாவை எங்கீங்க கட்டறது? அத்தன நீளத்துக்கு ஊட்டுக்குள்ள எடமேதுங்க? தறிய நிறுத்திப்போட்டு நாங்க எங்கீங்க போறது?"

அவள் போன பிறகு கவர்னர் என்னைப் பார்த்தார்.

"நம்மாளு இதுக்கு என்ன பண்ணியிருப்பாருங்க?"

"புத்தகத்துல பாவு வருதுங்களா?"

"வரலீங்க. அதுதான் ரோசனையா இருக்குது."

இரண்டு நாள் யோசித்தார். கையெழுத்துப் போடவில்லை. தீர்மானம் வந்தது, பதவி போனது, உத்தரவும் நிறைவேறியது. அன்று சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆயுசு பூராவும் ஆசைப்பட்ட நாற்காலி, உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலையில் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு நெசவாளர் தெரு முனையில் போய் நின்றார். பின்னால் உத்தரவை மீறிப் பாவு கட்டியிருந்தது. எதிரே மோட்டார் வந்தது.

"இப்ப நீங்க தலைவரு இல்லீங்களே, வக்கீலய்யா. வழி உடுங்க" என்றார் மில்காரர்.

"ஆமாங்க. தலைவரா இருந்தா உக்காந்த எடத்துல இருந்தே சொல்லியிருப்பேன். இல்லாததுனாலதான் வந்து நிக்கறனுங்க."

மோட்டார் பின்னால் போனது. ஆனால் தினமும் நிற்க முடியுமா? போர்டு உத்தரவையும் மில்காரரையும் எதிர்த்து நெசவாளர்கள் சார்பில் அவரே கோர்ட்டில் கேஸ் போட்டார். மில்காரர் என்னை வக்கீலாக வைத்துக்கொண்டார். தொழில் என்று வந்துவிட்டால் சிநேகம் பார்க்க முடியாது, எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் எடுத்து வீசினேன். கவர்னர் எழுந்தார். முன்சீப் வழக்கம்போலப் பேனாவைக் கீழே வைத்தார். கழுதை வரவில்லை. மோட்டார் வருவதற்கு முன்னால், கட்டைவண்டி வருவதற்கும் முன்னால் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதை மட்டும் சாட்சி சாட்சியாகக் கூப்பிட்டு நிதானமாகச் சொல்ல வைத்தார். முன்சீப் மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டார். வெயில் ஏறும்வரை தெரு பாவுக்கு, அதற்குப் பிறகு வண்டிக்கு என்று தீர்ப்பானது. வெளியே வந்து கவர்னர், "உங்க வாதம் பிரமாதமுங்க" என்று என்னிடம் சொன்னார். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னார்.

சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசியில் அவர் போய்விட்டார். காலையிலேயே எடுத்தார்கள். பாவு கட்டியிருக்கும் நேரம், தெருவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சுற்றுவழியில் திரும்பப் போனோம். முனையில் செல்லம்மா நின்றிருந்தாள்.

"அந்தப்பக்கம் எதுக்குங்க? நடுத்தெருவுல கொண்டாங்க."

பார்த்தால் தெரு வெறிச்சென்று கிடந்தது. நூல் ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் ஜனங்கள் கைகட்டி நின்றார்கள். உயிர் இருந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து, "வெயில் ஏறுதுங்க, பாவைக் கட்டுங்க" என்று அத்தனை பேரையும் விரட்டியிருப்பார். எதிர்க்கட்சி வக்கீல் தோள் கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவருடைய பங்காளி ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். அந்தத் தெரு முடியும்வரை நான் தூக்கிக்கொண்டு போனேன்.