பெரிய மாப்பிள்ளையின் தோட்டா

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். இருவரில் ஒருவருக்காவது வயிறு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் விஷயத்தில் எரிந்தது என் வயிறு.

என் மனைவியின் அக்காள் புருஷன், அதாவது என் சகலை, மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஆஜானுபாகு. அங்கேயே காட்டுப்பன்றி சுட்டுப் பழகியவர். நான் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கச்சேரியில் குமாஸ்தா. எனக்குப் பழக்கமான ஒரே ஆயுதம் பேனா. (அதுவும் கசியும்.)

தீபாவளிக்குத் திருமயம் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு இருவரும் போவோம். மாமியார் கறிக்குழம்பு ஊற்றினால், சகலை இலைக்கு வரும் கரண்டி சட்டியின் அடியிலிருந்து வரும். என் இலைக்கு வருவது மேலாக அள்ளியது. வேண்டுமென்று நான் பார்ப்பதில்லை. கண் தானாகப் போய்விடும்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் வேட்டைக்கு ஏற்பாடாகியிருந்தது. மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி எனக்கு; சகலைக்கு அவருடையதே இருந்தது. கிளம்பும்போது என் மனைவி காதோடு சொன்னாள்: "ஏங்க, ஒரே ஒரு கௌதாரியாச்சும் அடிச்சுட்டு வாங்க. அக்கா முன்னால நானும் ஒரு நாள் தலை நிமிந்து நிக்கணும்."

ஆக, என் மானம், அவள் மானம் இரண்டும் ஒரு கௌதாரியை நம்பியிருந்தன.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருணிக் கரையில் வைத்துச் சகலை தோட்டாக்களை இரண்டு பைகளில் பிரித்துப் போட்டு, ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"சகலை, நீங்க ஐயனார் கோயிலுக்கு முதுகைக் காட்டி அந்தப் புதர்கிட்ட நில்லுங்க. கௌதாரி காலடியிலேருந்து கிளம்பும். பக்கத்துல பறக்குறதுக்கு ரவைத் தோட்டாதான் சரி. பொடிப்பொடியா விரிஞ்சு போகும், குறி தப்புனாலும் ரெண்டு மணி பட்டுரும். நான் அங்கிட்டு மேட்டுல நிக்கிறேன். பன்னி தூரத்துல வரும். அதுக்கு ரவை தோல்லகூட ஏறாது, ஒத்தைக் குண்டுதான் வேணும்."

புத்தியுள்ளவன் காதில் இது ஒழுங்காக விழுந்திருக்கும். என் மனசில் விழுந்தது வேறு. அவருக்கு முழுக் குண்டு, எனக்குப் பொடி. மாமியார் கரண்டி தோட்டா வரைக்கும் வந்துவிட்டதே!

அவர் தன் பையைக் கரையில் வைத்துவிட்டு முகம் கழுவ ஊருணியில் இறங்கினார். நான் இரண்டு பைகளிலும் இருந்ததை மாற்றிப் போட்டேன். வெளியே பார்த்தால் எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று வாயை மூடிய வட்ட அட்டையில்தான் எழுதியிருக்கும். அந்த மங்கலில் அவர் எங்கே அதைப் படிக்கப்போகிறார்?

கௌதாரி சொன்னபடியே காலடியிலிருந்து கிளம்பி, என் தலைக்கு மேலாகப் பின்பக்கம் பறந்தது. நான் திரும்பினேன், கண்ணை மூடினேன் (வீரர்கள் இதைச் செய்வதில்லை என்று பிறகு தெரிந்தது), சுட்டேன். துப்பாக்கி தோளில் உதைத்த உதையில் காரைப்புதரில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது கௌதாரி அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கோயில் வாசலில் நின்ற பெரிய மண்குதிரைக்குத் தலையைக் காணோம்.

அதே நேரத்தில் மேட்டிலும் வெடிச்சத்தம் கேட்டது. கொசு கடித்ததுபோல உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டுப் பன்றி காட்டுக்குள் போய்விட்டதாம்.

எங்களுக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த மாமனார் சத்தம் கேட்டு ஓடிவந்தார். "என்ன மாப்ளே, சாமி குதிரையவா சுட்டீங்க?"

சகலை வந்தார். தன் துப்பாக்கியை மடக்கி, சுடாமல் மிச்சமிருந்த தோட்டாவின் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போச்சு, தெரிந்துவிட்டது!

"மாமா, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது. இருட்டுல பையை மாத்திக் குடுத்துட்டேன்."

வீடு திரும்பியதும் ஒரே புகழ்மாலை. என்ன குணம், என்ன பெருந்தன்மை! என் மனைவியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுசன்னா அத்தான் மாதிரி இருக்கணும்" என்றாள். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இதை மன்னிக்க முடியவில்லை.

அடுத்த புரவி எடுப்புத் திருவிழாவில் நான் ஐயனாருக்குப் புதுக்குதிரை எடுக்க வேண்டும் என்று ஊரில் முடிவாயிற்று. எடுத்தேன். "தப்பு என்னுதுதானே" என்று சகலையும் ஒன்று எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவருடையது என்னுடையதைவிட ஒரு முழம் உயரம்.

இப்போது எங்கள் இருவருக்கும் மாப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்ததும் என் மனைவி ஆரம்பிப்பாள்: "இந்தக் குடும்பத்து மாப்பிள்ளைங்கள்ல பெரிய மிருகத்தை அடிச்சது யாரு, சொல்லுங்க பாப்போம்?"

"சின்னவருதான்! குதிரை!" என்று கூரை அதிரும்.

எல்லாரையும்விடச் சத்தமாக, கண்ணில் நீர் வரச் சிரிப்பவர் சகலைதான். அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வெள்ளை மனசு பாருங்க!" என்று பந்தி முழுக்க அவரையே மெச்சுகிறது.