சூரன் தலையில் ஏறிய மயில்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடமாக யோசித்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்து வராது என்பது ஒரு காரணம். ஊரே வயிறு நோகச் சிரித்த கதையை என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா என்பது மற்றது. ஆனாலும் முருகன் அன்று செய்த வேலையை மறைத்து வைத்தால் எனக்கு நித்திரை வராது.

புத்தூரில் எங்கள் வீடிருக்கிற சின்ன ஒழுங்கை, மயில்களுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த காணி மாதிரி. கூரையில் மயில், மதிலில் மயில், கிணற்றுக்கட்டில் மயில். எனக்கென்றால் பெரிய புளுகம், சந்தோசம். முகம் கழுவ முன்னரே தரிசனம்! பக்கத்துத் தோட்டக்காரர் சிவராசா அண்ணைக்கோ கண்ணீர். அவர் விதைத்த கச்சானை (நிலக்கடலைதான்) ஒன்றுவிடாமல் கிளறித் தின்றுவிட்டன. அந்தத் தோட்டத்தை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது.

சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். “கச்சேரியிலை அரசாங்க அதிபருக்கு மனு எழுதுவம். கொஞ்ச மயிலைச் சுட்டுக் குறைக்கச் சொல்லிக் கேப்பம்,” என்றார் தலைவர்.

நான் துள்ளி எழும்பினேன். “குறைக்கிறதோ? அதென்ன கறிக்கு உப்போ? முருகன்ரை வாகனம்! சுடுறதெண்டால் முதல் என்னைச் சுடுங்கோ!”

“அதுக்குத் தனி மனுவெல்லோ எழுதவேணும், தங்கச்சி,” என்றார் சிவராசா அண்ணை. சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “நான் ஆசையிலையே கேக்கிறன்? திரும்ப விதைக்கப் போறன். இதுவும் போச்செண்டால் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? நீரே சொல்லும்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “நான் மறிச்சுக் காட்டுறன். ஒரு மயில் உங்கடை வேலி தாண்டாது!”

“சரி, விதைக்கிற அண்டைக்குப் பாப்பம்,” என்றார் தலைவர். “மறிச்சால் மனுவைக் கிழிப்பம். இல்லாட்டி எல்லாரும் கையெழுத்து வைப்பம்.”

யோசனை கோயிலில் கும்பிடும்போது வந்தது. முன்பெல்லாம் சூரன்போர்த் திருவிழாவில் தூக்கிய பழைய சூரன் தலை வாகனக் கொட்டிலில் கிடந்தது. பிதுங்கிய கண், முறுக்கு மீசை, வெளியே நீட்டிய பல். மயில் முருகனுடைய ஆள். சூரன் முருகனுடைய எதிரி. கண்டால் மயில் ஓடத்தானே வேண்டும்? ஐயரிடம் கேட்டேன். “பழசுதானே, கொண்டு போங்கோ,” என்றார்.

“இஞ்சரும்,” என்றார் என் வீட்டுக்காரர், பேப்பருக்குள்ளிருந்து. “அந்தச் சூரன்தானே கடைசியிலை மயிலாய் மாறினவன்? தன்ரை முகத்தைப் பாத்துத் தானே பயப்பிடுவானோ?”

“விசர்க்கதை கதையாதேங்கோ,” என்று அவர் இடுப்பில் கட்டும் சாரத்தையே பிடுங்கி, தடியில் குத்திய சூரன் தலைக்குக் கீழே கட்டினேன். (வருடாவருடம் கந்தசஷ்டி விரதம் பிடித்துப் புராணம் கேட்கிறவளுக்கு இது உறைக்கவில்லை!)

விதைத்த அன்று காலை ஊரே வேலியோடு நின்றது. தோட்டத்து நடுவில் சாரம் கட்டிய சூரன். மயில்கள் மதிலுக்கு வந்தன. நின்றன. பார்த்தன.

“பயப்பிடுது! பாத்தியளே, பயப்பிடுது!” நான் குதித்தேன்.

பெரிய ஆண்மயில் ஒன்று ஒரே எழும்பலில் பறந்து போய்ச் சூரனின் முடிமேலேயே இறங்கியது. இறங்கி, வெயிலில் தோகையை முழுதாக விரித்தது.

என் இரண்டு கையும் தலைக்குமேல் போனது எனக்கே தெரியாது. “அரோகரா!” சூரன் மயிலாகும்போது நாங்கள் போடுகிற சத்தம் அது; உடம்பில் ஊறிய பழக்கம். வேலி முழுக்க “அரோகரா!” எல்லாரிலும் பெரிய குரல் சிவராசா அண்ணையுடையது. நாங்கள் கை கூப்பி மேலே பார்த்துக்கொண்டிருக்க, பெண்மயில்கள் கீழே இறங்கி அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டன.

“ஐயோ, என்ரை கச்சான்!” என்று அலறினார் சிவராசா அண்ணை.

விளக்குமாறோடு பாய்ந்தேன். கொண்டை அவிழ்ந்தது. முருகனுடைய வாகனங்களை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. கால் சாரத்தில் சிக்கியது, விழுந்தேன். எனக்கு மேலே சூரன், முகத்தோடு முகம். நான் போட்ட குழறலில் மயில்கள் அத்தனையும் பறந்தன.

“எழும்பாதையும் தங்கச்சி! உப்பிடியே படுத்துக்கிடவும், ஒண்டும் கிட்ட வராது!” என்று கத்தினார் சிவராசா அண்ணை.

தோற்றுவிட்டேன். தலைவர் மனுவை நீட்டினார். சிவராசா அண்ணை பேனையை வாங்கினார். மதிலில் போய்க் குந்திய பெரிய மயிலைப் பார்த்தார். பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

“இப்பதான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டனான். அந்தக் கையாலை சுடச்சொல்லி என்னெண்டு எழுதுறது?” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனால், முளைக்கும் வரைக்கும் நீர்தான் காவல்!”

தின்றதற்கு ஈடாக எங்கள் வீட்டு விதைக் கச்சானைக் கொடுத்தோம். நாள்தோறும் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஒழுங்கைப் பெண்கள் முறைவைத்துத் தகரம் தட்டினோம். முளைத்தது.

இன்றைக்கும் நான் தலைமுழுகி மயிரை விரித்துக்கொண்டு வந்தால், “சூரன் வாறார், ஓடுங்கோ!” என்பார் வீட்டுக்காரர். கனடாவிலிருந்து மகன் போனில் கதைத்தாலும் முதல் கேள்வி, “சூரன் சுகமோ?” ஒரு கலியாண வீட்டில், நான் சூரன் தலையை மாட்டிக்கொண்டு மாமரத்தில் ஏறியதாகவே யாரோ சொல்லக் கேட்டேன்.

ஆகவே, வாசிக்கிறவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். நான் மரம் ஏறவில்லை. விளக்குமாறு உண்மை. விழுந்ததும் உண்மை. மயில் ஒன்றுகூடச் சாகவில்லை. சிரிக்கிற அவசரத்தில் அதைமட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.